தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்த பெரணி: டாக்டர் வார்டின் கண்ணாடிப் பெட்டி

ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டும். பால், பேப்பர் எல்லாம் நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. பால்கனியில் இருக்கும் ரோஜாவுக்கும் மணி பிளாண்டுக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது? பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போனால் ஒன்று மறந்துவிடுவார்கள், இல்லையென்றால் பாசம் அதிகமாகி வேர் அழுகும் வரை ஊற்றிவிடுவார்கள்! இந்தத் தொல்லைக்காகவே 'செல்ஃப் வாட்டரிங் பாட்' என்று ஒரு தொட்டி கடைகளில் கிடைக்கிறது. செடி தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்ளும் தொட்டி.

உள்ளே பெரிய மந்திரம் எதுவும் இல்லை. தொட்டிக்கு அடியில் ஒரு தண்ணீர் அறை, அதற்கு மேல் மண், இரண்டையும் இணைக்க ஒரு திரி. அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல இந்தத் திரி தண்ணீரை மேலே இழுக்கும். மண் காயக் காய இழுக்கும், ஈரம் போதுமானதும் நின்றுவிடும். ஒருமுறை நிரப்பினால் ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்கும்.

இதை ஏதோ பிளாஸ்டிக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் சீனாவில் ஃபான் ஷெங்ஜி என்ற அதிகாரி ஒரு வேளாண்மை நூல் எழுதினார். மூல நூல் தொலைந்துவிட்டது, பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட பகுதிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அதில் முலாம்பழ வகைக் கொடிகளை வளர்க்க ஒரு வழி சொல்கிறார். சுமார் 6 லிட்டர் பிடிக்கும் மண்பானையைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, ஓட்டால் மூடி, சுற்றிலும் நான்கு விதைகள் நட வேண்டும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கசிந்து வேரை நனைக்கும். தமிழ்நாட்டில் வறண்ட நிலத்தில் மரக்கன்று வைப்பவர்கள் பானையில் துளை போட்டுத் துணித்திரி செருகிப் புதைப்பதும் இதே வழிதான்.

ஆனால் பானையோ பிளாஸ்டிக் தொட்டியோ, தண்ணீர் தீர்ந்ததும் யாராவது வந்து நிரப்பித்தான் ஆக வேண்டும். நிரப்பவே வேண்டாத தொட்டி ஒன்று இருந்தால்? அப்படி ஒன்று 1829ஆம் ஆண்டு லண்டனில், யாரும் தேடாமலே கிடைத்தது. அந்தத் தொட்டி செடிகளைக் கடல் கடக்க வைத்தது. அந்தச் செடிகளின் பின்னால் லட்சக்கணக்கான மனிதர்கள் கடல் கடக்க நேர்ந்தது. அவர்களில் பெரும் பங்கினர் தமிழர்கள்.

நதேனியல் பேக்ஷா வார்டு (1791 - 1868) லண்டனின் கிழக்குப் பகுதியில், கப்பல் துறைகளுக்குப் பக்கத்தில் இருந்த வெல்க்ளோஸ் சதுக்கத்தில் வைத்தியம் பார்த்து வந்த டாக்டர். பதின்மூன்று வயதில் கப்பலேறி ஜமைக்கா போய் வந்தவர். அங்கே பார்த்த பெரணிச் செடிகளையும் பனை வகைகளையும் கடைசிவரை மறக்கவில்லை. (பெரணி என்றால் ஊட்டி, கொடைக்கானல் பாறை இடுக்குகளில் சீப்பு சீப்பாக இலை விட்டு நிற்குமே, பூவே பூக்காத அந்தச் செடி.) லண்டனிலும் பெரணி வளர்க்க ஆசைப்பட்டார். வீட்டுக்குப் பின்னால் பாறைகளை அடுக்கி, மேலே துளைகள் போட்ட குழாய் வைத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட விட்டுப் பார்த்தார். அதுவும் ஒரு தானியங்கி நீர்ப்பாசனம்தான்! பலன் இல்லை. லண்டன் நிலக்கரிப் புகை தண்ணீரை விட வேகமாக வேலை செய்தது. செடிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அவரும் விட்டுவிட்டார்.

டாக்டருக்குப் பூச்சிகள் மீதும் ஆர்வம் உண்டு. 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் புதைத்து, வாய் அகன்ற கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடினார். பூச்சி எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். தினமும் புட்டியைக் கவனித்தவர் கண்ணில் வேறொன்று பட்டது. பகல் வெயிலில் மண்ணின் ஈரம் ஆவியாகி மேலே போய்க் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிகிறது. மாலையில் அதே தண்ணீர் வழிந்து மண்ணுக்கே திரும்புகிறது. ஒரு சொட்டுகூட வெளியே போவதில்லை. பூச்சி வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த மண்ணில் இரண்டு பச்சை முளைகள் தலை நீட்டின. ஒன்று பெரணி. மற்றது சாதாரணப் புல்.

பாறை அடுக்கி, குழாய் போட்டு, வருடக்கணக்கில் கெஞ்சியும் வராத பெரணி, யாரும் கூப்பிடாமல் புட்டிக்குள் வந்து நின்றது. புகை உள்ளே போக வழியில்லை, ஈரம் வெளியே போக வழியில்லை, வெளிச்சம் மட்டும் வந்து போனது. அந்தப் புட்டியை அவர் தன் படிப்பறையின் வடக்கு ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஏறக்குறைய நான்கு வருடங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் இரண்டும் உயிரோடு இருந்தன. புல் ஒருமுறை பூத்தது. கடைசியில் அவர் ஊரில் இல்லாத நேரத்தில் மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி இரண்டும் செத்துப் போயின. நான்கு வருடம் தண்ணீர் ஊற்றாமல் வாழ்ந்த செடிகளைக் கொன்றது தண்ணீர்!

வார்டுதான் முதல் ஆள் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஸ்காட்லாந்தில் மக்கோனக்கி என்பவர் சில வருடங்களுக்கு முன்பே இப்படி ஒரு கண்ணாடிக் கலத்தில் செடி வளர்த்திருக்கிறார். ஆனால் அதை அப்போது எழுதி வெளியிடவில்லை. வார்டு அதோடு நிற்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டார். புட்டிக்குள் நான்கு வருடம் இருக்க முடிகிற செடி, கப்பலில் ஆறு மாதம் இருக்காதா?

அந்தக் கேள்விக்கு அன்று எவ்வளவு விலை இருந்தது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். அன்றைக்குச் செடி என்பது சரக்கு. தேயிலை, காப்பி, மிளகு, கரும்பு என்று எல்லா வியாபாரமும் ஏதோ ஒரு செடியில்தான் போய் நின்றது. செடி எந்த நாட்டில் வளர்கிறதோ அந்த நாட்டுக்கு ஏகபோகம். அந்த ஏகபோகத்தை உடைக்க வேண்டுமானால் செடியை உயிரோடு கப்பலில் கொண்டுவர வேண்டும். அதுதான் நடக்கவில்லை. மேல்தளத்தில் வைத்தால் உப்புத் தண்ணீர் தெறித்துச் சாகும், கீழ்த்தளத்தில் வைத்தால் இருட்டில் சாகும். நல்ல தண்ணீரோ மாலுமிகளுக்கே அளவு வைத்துத்தான். சீனாவின் கான்டன் நகரில் இருந்த ஜான் லிவிங்ஸ்டன் என்ற டாக்டர் 1819இல் ஒரு கணக்கு எழுதினார்: சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு செடி உயிரோடு போய்ச் சேர்ந்தால் ஆயிரம் செடிகள் வழியில் செத்திருக்கும்.

கொண்டுவந்தே தீருவது என்று பிரிட்டிஷ் கடற்படை ஒரு கப்பலையே நர்சரியாக மாற்றியதும் உண்டு. 'பவுண்டி' என்ற கப்பலில் கேப்டனுக்கு உரிய பெரிய அறையைச் செடித்தொட்டிகளுக்கு ஒதுக்கினார்கள். தரையில் ஈயத்தகடு பதித்து, தொட்டியிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து மறுபடியும் ஊற்ற ஏற்பாடு செய்தார்கள். தாஹித்தித் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகள் ஏறின. 1789 ஏப்ரலில் மாலுமிகள் கலகம் செய்து கேப்டனைப் படகில் இறக்கிவிட்டார்கள். கன்றுகள் கடலில் வீசப்பட்டன.

இப்போது வார்டின் பெட்டிக்கு வருவோம். மரச்சட்டம், கூரை போல் சரிந்த கண்ணாடி மூடி, இடுக்குகளுக்கு மக்கு. கப்பல் ஆடும்போது மண் புரளாமல் இருக்க உள்ளே குறுக்குப் பட்டைகள். அவ்வளவுதான். ஒருமுறை தண்ணீர் விட்டு மூடினால் கரை சேரும் வரை திறக்கவே கூடாது. 1833 கோடையில் பெரணி, பாசி, புல் நிறைத்த இரண்டு பெட்டிகளை வார்டு சிட்னிக்கு அனுப்பினார். கேப்டன் சார்லஸ் மல்லார்டுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: மேல்தளத்தில் வெளிச்சத்தில் வை, வேறு எதுவும் செய்யாதே. சுமார் ஆறு மாதம் கழித்து, சோதனை வெற்றி என்று சிட்னியிலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது.

திரும்பிய பயணம் இன்னும் கடுமையான பரீட்சை. 1834 பிப்ரவரியில் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை வைத்தார்கள். அப்போது சிட்னியில் வெயில் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ். ஹார்ன் முனையைச் சுற்றும்போது மைனஸ் 7, கப்பல் தளத்தில் ஓரடி உயரத்துக்குப் பனி. ரியோ டி ஜெனிரோவில் மறுபடியும் 38. நிலநடுக்கோட்டில் 49. நவம்பரில் ஆங்கிலக் கால்வாயை அடைந்தபோது 4 டிகிரி. எட்டு மாதம். பெட்டிகளைத் திறந்தால் செடிகள் செழிப்பாக நின்றன. இங்கிலாந்தில் அதுவரை யாரும் உயிரோடு பார்த்திராத ஒரு பெரணியும் அதில் இருந்தது. ஹாக்னியில் பெரிய நர்சரி நடத்திய ஜார்ஜ் லோடிஜஸ் இந்தச் சோதனையில் வார்டுக்குத் துணை நின்றவர். முன்பெல்லாம் இருபதுக்குப் பத்தொன்பது சாகும், இந்தப் பெட்டி வந்த பிறகு இருபதுக்குப் பத்தொன்பது பிழைக்கிறது என்பது அவர் கணக்கு.

வார்டு 1842இல் இதை ஒரு சிறு புத்தகமாக எழுதினார். அதில் அவர் அதிகம் அக்கறைப்பட்டது கப்பல் வியாபாரத்தைப் பற்றி அல்ல என்பதைக் குறிப்பிட வேண்டும். லண்டன் கிழக்குப் பகுதியில் புகைக்கும் இருட்டுக்கும் நடுவே வாழ்ந்த ஏழைகள்தான் அவருடைய நோயாளிகள். அவர்கள் வீட்டு ஜன்னலிலும் கொஞ்சம் பச்சை இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அன்று இங்கிலாந்தில் கண்ணாடிக்கு வரி, ஜன்னலுக்கும் வரி! கண்ணாடி வரி 1845இல் போனது, ஜன்னல் வரி 1851இல் போனது. பெட்டி மலிந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது வசதியானவர்களின் வரவேற்பறைகளுக்குத்தான். அலங்காரக் கூண்டு போலச் செய்து, பெரணி நட்டு, விருந்தினர் பார்க்க வைத்தார்கள். இந்தப் பெரணிப் பைத்தியத்துக்கு 1855இல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் ஒரு நோய்ப் பெயரே வைத்தார். இங்கிலாந்துக் காடுகளில் அரிய பெரணிகள் வேரோடு பிடுங்கப்பட்டன.

வரவேற்பறையில் இருந்தது அழகு. கப்பல் தளத்தில் இருந்ததுதான் பணம்.

முதலில் கவனித்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1848இல் ராபர்ட் ஃபார்ச்சூனைச் சீனாவுக்கு அனுப்பியது. தேயிலை விதை சீக்கிரம் முளைக்கும் சக்தியை இழந்துவிடும் என்பதால், வார்டு பெட்டிகளின் மண்ணிலேயே விதைகளைத் தூவி, வழியில் முளைக்கவிட்டுக் கொண்டுவந்தார் அவர். அந்தக் கன்றுகள் இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்குப் போயின. (அசாமில் சொந்தமாகவே ஒரு தேயிலை வகை இருந்ததால், இந்தியத் தேயிலை முழுவதும் ஃபார்ச்சூன் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை.)

அடுத்தது சின்கோனா. மலேரியாவுக்கு அன்றிருந்த ஒரே நல்ல மருந்தான குயினைன் இந்த மரப்பட்டையில்தான் இருந்தது, மரமோ தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் மட்டும்தான். 1860இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் கன்றுகளைக் கிளப்பினார். பனாமா, இங்கிலாந்து, செங்கடல் என்று சுற்றி உதகமண்டலம் வந்து சேர்ந்தபோது அவை கிட்டத்தட்டச் செத்திருந்தன. பெட்டி உப்பைத் தடுக்கும், வறட்சியைத் தடுக்கும், செங்கடல் வெப்பத்தை என்ன செய்யும்? ஆனால் ஈக்வடாரிலிருந்து ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்து, ராபர்ட் கிராஸ் பாதுகாத்துக் கொண்டுவந்த செம்பட்டை வகைக் கன்றுகள் 1861இல் உயிரோடு உதகை வந்தன. அரசுத் தோட்டத்தைக் கவனித்து வந்த மக்கைவர் அவற்றைப் பெருக்கினார். கல்லூரிச் சுற்றுலாவில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்தவரும் இவரே. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத் தோட்டத்தில் மலாயாப் பகுதியிலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை வேலை வாங்கினார்கள். செடியும் வெளியூர், ஆளும் வெளியூர்.

மூன்றாவதுதான் இந்தக் கதையிலேயே பெரிய கணக்கு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அதே ஆண்டு ஆகஸ்டில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. கூடவே பார்த்துக்கொள்ள ஒரு தோட்டக்காரரையும் அனுப்பினார்கள். பத்தில் ஒன்பது பங்கு உயிரோடு வந்து சேர்ந்து, கொழும்புக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. அவற்றில் ஒன்பது மலாயாவின் கோலகங்சாரில் வேர் பிடித்தன.

அந்த 1876ஆம் ஆண்டைத் தமிழ்நாட்டில் வேறு பெயரில் நினைவு வைத்திருக்கிறார்கள்: தாது வருஷம். மழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் இறந்த தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்துக்குத் தப்பி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். ராமேசுவரம் பக்கம் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கண்டி மலைகளுக்குப் பல நாள் நடை. காலராவிலும் தாகத்திலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ஒரே ஆண்டில் ஒரே தீவுக்கு இரண்டு பயணங்கள். ஒன்றில் கன்றுக்குக் கண்ணாடிக் கூரை, காவலுக்கு ஆள், எத்தனை பிழைத்தன என்று எண்ணி எழுதிய கணக்கு. மற்றதில் போனவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

உடனே ரப்பர் விளைந்துவிடவில்லை. இலங்கையில் இலைத்துரு நோய் காப்பியை அழித்தது, தோட்டக்காரர்கள் சின்கோனாவுக்குத் தாவினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அதையே நட்டதால் சந்தையில் பட்டை குவிந்து 1880களில் விலை விழுந்தது. (வரத்து கூடினால் விலை குறையும் என்பதை முதலாண்டுப் பொருளாதாரப் பாடத்தில் படிக்கும்போது இந்த உதாரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் :-) ) பிறகு தேயிலை வந்து நிலைத்தது. மோட்டார் கார் வந்து டயர் தேவைப்பட்டதும் ரப்பரின் காலம் பிறந்தது. 1900க்குப் பிறகு மலாயாவில் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வந்தது. பால் வெட்ட ஆள் வேண்டும். கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், ஆற்காடு கிராமங்களுக்கு வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல்கள் காத்திருந்தன. இலங்கை மலையகத்திலும் மலேசியாவிலும் இன்று இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படிப் போனவர்களின் வழிவந்தவைதான்.

இதற்கெல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிதான் காரணம் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. பெட்டி இல்லாவிட்டாலும் கம்பெனிகள் வேறு வழி தேடியிருக்கும். பஞ்சமும் கடனும் ஜாதிக் கொடுமையும் ஊரைவிட்டுத் தள்ளியதற்குப் பெட்டி பொறுப்பில்லை. ஆனால் சின்கோனாவும் ரப்பரும் மலைச்சரிவில் நிற்க, அவை முதலில் கடலைக் கடந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்தது இந்தப் பெட்டிதான். சின்கோனா விஷயத்தில் லாபம் ஒரு பக்கம் மட்டும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டை மலிந்ததால் இந்தியாவில் சாதாரணக் காய்ச்சல்காரனுக்கும் குயினைன் எட்டியது.

பெட்டிக்குள் யாரும் நினைக்காத பயணிகளும் இருந்தார்கள். செடியோடு மண்ணும் போனது, மண்ணோடு புழு, பூஞ்சை, பூச்சி முட்டை எல்லாம் போயின. வார்டின் புட்டியில் பெரணி எப்படி அழைக்காமல் முளைத்ததோ, அப்படியே இவையும் போன இடத்தில் முளைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடுகள் தாவர நோய்த்தடுப்புச் சட்டங்கள் கொண்டுவந்தன. அமெரிக்கா 1912இல் கொண்டுவந்தது. மண்ணோடு செடி அனுப்புவது கடினமாகியது. பிறகு விமானமும் பாலித்தீன் பையும் வந்தன. கியூ தோட்டம் கடைசியாக வார்டு பெட்டியைப் பயன்படுத்தியது 1962இல்.

பெட்டி மறைந்தாலும் புட்டி மறையவில்லை. 'டெர்ரேரியம்' என்று பரிசுப்பொருள் கடைகளில் கண்ணாடிக் குடுவைக்குள் குட்டிச் செடி வைத்து விற்கிறார்களே, அது வார்டின் புட்டிதான். அடியில் தண்ணீர் அறை வைத்த தொட்டிகள் வேறு கிளை. அமெரிக்காவின் புளோரிடாவில் பிளேக் விசனன்ட் என்ற தக்காளி விவசாயி வெள்ளத்தில் பயிரை இழந்த பிறகு 1990களில் உருவாக்கிய 'எர்த்பாக்ஸ்' அந்த வகையில் பேர்பெற்றது.

வார்டு தன் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கி விற்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று செய்முறையைப் புத்தகத்தில் எழுதி வைத்தார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வீட்டைத் திறந்து காட்டினார். 1852இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், 1868இல் இறந்தார். அவர் இறக்கும்போது ரப்பர் இன்னும் பிரேசிலை விட்டுக் கிளம்பவே இல்லை.

தாவரவியலாளர்கள் அவர் பெயரை ஒரு பாசி இனத்துக்கு வைத்திருக்கிறார்கள்: 'வார்டியா'. தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மலைகளில் மட்டும் இருக்கிறது. வளர்வது, ஓடும் ஓடைத் தண்ணீருக்கு நடுவே இருக்கும் பாறைகளில்.